கற்றல் இழப்பும் தீவிரத் துணைப்பயிற்சியும்: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது விட்டுப்போன படிப்பை மீட்க உலகம் முழுக்கப் பல வழிகளை முயன்று பார்த்தார்கள். பின்தங்கிய குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, வாரத்தில் பெரும்பாலான நாட்கள், ஒரே ஆளை வைத்து, குழந்தை இப்போது நிற்கிற படியிலிருந்து சொல்லித்தருவது அவற்றில் ஒன்று. அதைத்தான் இங்கே தீவிரத் துணைப்பயிற்சி என்கிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வெளிநாட்டு அனுபவம் உதவுகிற இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

கொரோனா முடிந்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டதே, இன்னும் ஏன் இந்தப் பேச்சு?

2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2025-26 கல்வியாண்டில்தான் ஆறாம் வகுப்புக்கு வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்தக் குழந்தைக்கு ஒன்றாம் வகுப்பு முழுக்க வீட்டிலேயே போனது, இரண்டாம் வகுப்பிலும் ஐந்து மாதம் போனது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, வாட்ஸாப்பில் வீட்டுப்பாடம் வந்தது. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் அந்த வீட்டுக் குழந்தைக்கு அதில் என்ன கிடைத்திருக்கும்?

இன்னொரு காரணமும் உண்டு. கொரோனாவுக்கு முன்பும் நிலைமை நன்றாக இருக்கவில்லை. இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் ஏசர் கணக்கெடுப்பின்படி, அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 2018இல் 20.9 விழுக்காடு. 2022இல் அது 16.3 ஆக இறங்கி, 2024இல் 23.4 ஆக ஏறியது. பழைய இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று மகிழலாம்தான். ஆனால் நாலில் மூன்று குழந்தைகள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். கொரோனா போட்ட பள்ளத்தை மட்டும் நிரப்பிவிட்டு நிறுத்திக்கொள்ள இது நேரமில்லை.

தமிழ்நாட்டில் எவ்வளவு இழந்தோம் என்று யாராவது அளந்து பார்த்தார்களா?

அளந்தார்கள். இந்த விஷயத்தில் உலகிலேயே நல்ல தரவு உள்ள இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி வயதுள்ள சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். அதே கிராமங்களில் 2019லேயே சோதனை நடந்திருந்ததால், 2021 டிசம்பரில் ஒரு வயதுக் குழந்தைக்கு என்ன தெரிகிறது, 2019இல் அதே வயதுக் குழந்தைக்கு என்ன தெரிந்திருந்தது என்று நேரடியாக ஒப்பிட முடிந்தது.

கணக்கில் 0.73 திட்டவிலக்கம், தமிழில் 0.34 திட்டவிலக்கம் பின்தங்கல். திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு. இதைப் புரியும்படி சொல்கிறேன். 2019இல் நூறு குழந்தைகளை மதிப்பெண் குறைந்தவரிலிருந்து வரிசையாக நிறுத்தினால், சராசரிக் குழந்தை 50ஆவது இடத்தில் நிற்கும். 2021 டிசம்பரின் சராசரிக் குழந்தையைக் கொண்டுவந்து அந்த வரிசையில் நிறுத்தினால் கணக்கில் ஏறக்குறைய 23ஆவது இடம், தமிழில் 37ஆவது இடம்.

தமிழில் இழப்பு குறைவாக இருந்ததற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதுதான். வீட்டில் பேசுவது தமிழ், கடைப் பலகையும் பஸ் போர்டும் தமிழ். கடன் வாங்கிக் கழித்தல் தெருவில் யாரும் பேசிக் காதில் விழுவதில்லை.

அப்புறம் நல்ல செய்தி. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. இழந்தபோது ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகம் இழந்தார்கள். மீண்டபோது அவர்களே வேகமாக மீண்டார்கள். அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு, தன்னார்வலர்கள் தெருவிலேயே மாலையில் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வி மையங்களால் கிடைத்தது என்று ஆய்வு கணக்கிடுகிறது. மிச்சமிருந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. தானாக மீளக்கூடியது பெரும்பாலும் மீண்டுவிட்டது. எஞ்சியிருப்பதற்குக் கூடுதல் கை வேண்டும்.

தீவிரத் துணைப்பயிற்சிக்கும் ஸ்பெஷல் கிளாஸுக்கும் என்ன வித்தியாசம்?

நம் பள்ளிகளில் ஸ்பெஷல் கிளாஸ் என்றால் பெரும்பாலும் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும்தான். காலை எட்டு மணிக்கோ மாலையிலோ வகுப்பு முழுவதையும் உட்காரவைத்து, முந்தைய ஆண்டு வினாத்தாள்களைப் போடச் சொல்வார்கள். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு என்று தனிக் கையேடு கொடுத்து, பாஸ் மார்க் வருகிற அளவுக்கு மனப்பாடம் செய்யவைப்பதும் நடக்கிறது. தேர்வுக்கு அது உதவலாம். ஆறாம் வகுப்பில் இருந்த ஓட்டை அதனால் அடைபடாது.

டியூஷனில் அன்றைய வீட்டுப்பாடம் முடியும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புப் பாடம்தான் அங்கே. அந்தப் பிள்ளைக்கு வகுத்தல் தெரியவில்லை என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை.

துணைப்பயிற்சி குழந்தையிடமிருந்து தொடங்குகிறது. 52இலிருந்து 27ஐக் கழி என்றால் ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. ஏன்? 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாது, அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்துக்கொண்டது. இது கவனக்குறைவு இல்லை. பத்துகள், ஒன்றுகள் என்ற இடமதிப்பு அந்தக் குழந்தைக்குப் பிடிபடவில்லை. பக்கம் பக்கமாகக் கழித்தல் கணக்கு கொடுத்தால் அதே தப்பைத்தான் பக்கம் பக்கமாகச் செய்யும். ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளையும் கையில் கொடுத்து, "இதிலிருந்து 27 ரூபாய் எனக்குக் கொடு" என்று கேட்டால் ஒரு தாளைச் சில்லறை மாற்ற வேண்டும் என்பதை அதுவே கண்டுபிடிக்கும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் இப்படி உட்கார வழியில்லை. ஐந்தாறு பேர் என்றால் முடியும்.

வாசிப்பிலும் அப்படித்தான். கோடை என்பதைக் கொடை என்று படிக்கிற குழந்தைக்கு எழுத்தே தெரியாது என்று முடிவு கட்டக் கூடாது. அதற்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மட்டும் குழம்புகின்றன. அதை மட்டும் பத்து நாள் வைத்துச் சரிசெய்தால் போதும். 247 எழுத்தையும் முதலிலிருந்து எழுதவைத்து வெறுப்பேற்ற வேண்டாம்.

இது பலன் தரும் என்பதற்கு ஆதாரம் என்ன?

நிறைய இருக்கிறது. பணக்கார நாடுகளில் நடந்த 96 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், துணைப்பயிற்சியின் சராசரிப் பலன் 0.37 திட்டவிலக்கம் என்று வந்தது. கல்வியில் இது பெரிய எண். கீழ் வகுப்புகளில் பலன் கூடுதல். பள்ளி நேரத்துக்குள் நடந்தவை மாலையில் நடந்தவற்றைவிட நன்றாக வேலை செய்தன. பயிற்சி பெற்று ஊதியம் வாங்குபவர்கள் நடத்தியவை, தன்னார்வலர்களும் பெற்றோரும் நடத்தியவற்றைவிட மேலாக இருந்தன.

சிகாகோ அரசுப் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு, ஒரு பயிற்சியாளருக்கு இரண்டே மாணவர்கள் என்ற கணக்கில், தினமும் ஒரு பாடவேளை கணக்கு சொல்லித்தந்தார்கள். 0.18 முதல் 0.40 திட்டவிலக்கம் வரை முன்னேற்றம். பதினைந்து வயதுக்கு மேல் அடிப்படை ஏறாது என்று கைவிட்டுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே பழைய சான்று இருக்கிறது. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற தொண்டு அமைப்பு, மாநகராட்சிப் பள்ளிகளின் மூன்று, நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய 15 முதல் 20 குழந்தைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வகுப்பிலிருந்து தனியாக அழைத்துப் போய்ச் சொல்லித்தந்தது. சொல்லித்தந்தவர் அதே பகுதியைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண். ஊதியம் மாதம் 500 முதல் 750 ரூபாய். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் சக ஆய்வாளர்களோடு இதை அளந்தார்கள். முதல் ஆண்டில் 0.14, இரண்டாம் ஆண்டில் 0.28. மிகவும் பின்தங்கியிருந்த குழந்தைகளுக்கே அதிகப் பலன்.

இல்லம் தேடிக் கல்வி இதைத்தானே செய்தது?

பாதி செய்தது. அந்தப் பாதியே பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம் அது. மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே ஒரு மையம், ஒரு தன்னார்வலருக்கு அதிகபட்சம் 20 குழந்தைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. 1 முதல் 5 வரை சொல்லித்தர ப்ளஸ் டூ தேர்ச்சி, 6 முதல் 8 வரை பட்டம் என்று தகுதி வைத்தார்கள். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் என்ற அளவுக்கு அது வளர்ந்தது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டு வீட்டோடு இருந்த எத்தனையோ பெண்களைத் தெருப் பிள்ளைகள் முதல்முறையாக "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். ஆய்வு அட்டவணைகளில் இது வராது. ஆனாலும் திட்டம் நின்றதே இந்தப் பெண்களின் பற்றுதலால்தான்.

தீவிரம் என்று பார்த்தால் எங்கே குறைந்தது? இருபது பேர் என்பது குழு இல்லை, சிறிய வகுப்பு. அதிலும் ஒன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒன்றாக உட்காரும். வருவதும் வராததும் குழந்தையின் விருப்பம். மழை பெய்தால், திருவிழா என்றால் மையம் இல்லை. மாதம் 1,000 ரூபாய்க்கு நல்ல தன்னார்வலரை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கவும் முடியாது. வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார், போகத்தான் வேண்டும். இவ்வளவு குறைகளோடும் அது மீட்சியில் கால்பங்குக்கு அருகே தந்திருக்கிறது என்றால், கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து இறுக்கமாகச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் இயக்கம் இதே சிந்தனையைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவந்தது. முதலில் 1 முதல் 3 வரை, பிறகு 4, 5 வகுப்புகளுக்கும். குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பது அதன் மையம். 2025-26இல் 6 முதல் 9 வரை படிப்பவர்களின் அடிப்படைத் திறனுக்காகத் திறன் இயக்கம் வந்தது. திசை சரியானது. ஆனால் இந்த இரண்டிலும் கூடுதல் சுமை ஏற்கெனவே இருக்கிற ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. கூடுதல் ஆள் இல்லாமல் தீவிரம் வராது என்பதே என் கருத்து.

நல்ல திட்டம் என்றால் எல்லாப் பள்ளிகளுக்கும் உடனே விரித்துவிட வேண்டியதுதானே?

இங்கேதான் பெரும்பாலான நாடுகள் சறுக்கின. விரிவாக நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் இது.

அமெரிக்காவில் கொரோனா காலப் பள்ளி நிதியாக மூன்று சட்டங்கள் வழியே சுமார் 190 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். அதில் ஒரு பங்கு துணைப்பயிற்சிக்குப் போனது. பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது, பெரிய அளவில் நடந்த திட்டங்களின் பலன், சிறிய சோதனைகளில் கண்டதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் இருந்தது. பந்தியில் ஆள் கூடக் கூட ரசத்தில் தண்ணீர் ஊற்றியது போல, குழு பெரிதானது, நாட்கள் குறைந்தன, பயிற்சியாளர் மாறிக்கொண்டே இருந்தார். பெயர் மட்டும் அதே பெயர்.

இங்கிலாந்தில் 2020 நவம்பரில் தேசியத் துணைப்பயிற்சித் திட்டம் தொடங்கியது. ஒரு மாணவருக்கு 15 மணி நேரம், ஒரு குழுவில் மூன்று பேர் வரை, செலவில் 75 விழுக்காடு அரசு மானியம். இரண்டாம் ஆண்டில் நிர்வாகம் ராண்ட்ஸ்டாட் என்ற ஆள்சேர்ப்பு நிறுவனத்துக்குப் போனது. பள்ளிகள் அந்த ஏற்பாட்டை விட்டு ஒதுங்கி, தங்களுக்குத் தெரிந்தவர்களைத் தாங்களே வைத்துக்கொள்ளும் வழியைத்தான் அதிகம் நாடின. 2022இல் அரசு அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு பணத்தை நேரே பள்ளிகளுக்கே கொடுத்தது. மானியம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, 2024 ஆகஸ்டோடு திட்டமே முடிந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: யாரைப் பயிற்சியாளராக வைப்பது என்பதைத் தலைமை ஆசிரியர் முடிவு செய்யட்டும். தலைநகரத்தில் டெண்டர் விட்டு ஆள் அனுப்பும் வேலை வேண்டாம்.

நமக்கு மிக நெருக்கமான பாடம் வட இந்தியாவில் கிடைத்தது. பீகாரிலும் உத்தராகண்டிலும் அரசு ஆசிரியர்களுக்கு, நிலைவாரியாகக் கற்பிக்கும் பிரதம் முறையில் பயிற்சி கொடுத்தார்கள், கற்பித்தல் பொருட்கள் கொடுத்தார்கள். பள்ளி ஆண்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியர்கள் பாடம் முடிக்கும் பழைய வேலைக்கே திரும்பிவிட்டார்கள். உத்தராகண்டில் அனுப்பிய தன்னார்வலர்களையும் வழக்கமான வகுப்பு எடுக்கவைத்துவிட்டார்கள். ஆனால் பீகாரில் அதே ஆசிரியர்கள் கோடை முகாமில், பாடத்திட்ட நெருக்கடி இல்லாதபோது நன்றாகச் சொல்லித்தந்தார்கள், குழந்தைகள் முன்னேறினார்கள்! ஆக, ஆசிரியருக்குத் திறமை இல்லை என்பது காரணமில்லை. ஹரியானாவில் தினமும் ஒரு மணி நேரத்தை இதற்கென்றே பூட்டிவைத்து, எல்லாக் குழந்தைகளையும் வகுப்பை மறந்து நிலைவாரியாக மாற்றி உட்காரவைத்தார்கள். ஹிந்தி வாசிப்பு முன்னேறியது. உத்தரப் பிரதேசத்தில் ஓராண்டில் மொத்தம் சுமார் ஐம்பது நாள், பள்ளிக்குள்ளேயே பத்துப் பத்து நாள் அல்லது இருபது நாள் முகாம்களாகப் பிரதம் ஆட்களும் தன்னார்வலர்களும் நடத்தினார்கள். அங்கே பலன் 0.6 திட்டவிலக்கத்துக்கு மேல் வந்தது. முன்னே சொன்ன 0.37ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே விரிவாக்கம் என்றால் எத்தனை ஆயிரம் பள்ளிகளில் தொடங்கினோம் என்று எண்ணுவதை நிறுத்த வேண்டும். இந்தக் குழந்தை இந்த மாதம் எத்தனை நாள் குழுவில் உட்கார்ந்தது என்று எண்ண வேண்டும். காசு குறைவு என்றால் பள்ளிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது மூன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் மட்டும் வையுங்கள். நாட்களையும் குழுவின் அளவையும் தொடாதீர்கள்.

ஒரு குழுவில் எத்தனை பேர்? வாரத்தில் எத்தனை நாள்?

மூன்று, நான்கு பேர் என்றால் மிக நல்லது. நம் நிலைமையில் ஆறு முதல் எட்டு வரை போகலாம், எல்லாரும் ஒரே நிலையில் இருந்தால். வாரத்தில் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஐந்து. ஒரு தடவை முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். சனிக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்பது வேண்டாம்.

பள்ளி நேரத்திலா, மாலையிலா?

பள்ளி நேரத்தில். மாலை என்றால் யாருக்கு அதிகம் தேவையோ அந்தக் குழந்தைதான் வராது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வா என்பார்கள்.

எந்தப் பாடவேளையை எடுப்பது என்பதில் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து விளையாட்டுப் பாடவேளையில் கை வைக்காதீர்கள். படிப்பில் தடுமாறுகிற பிள்ளைக்குப் பள்ளியில் தலை நிமிர்ந்து நிற்கக் கிடைக்கிற ஒரே இடம் சில சமயம் அந்த மைதானம்தான். தமிழ், கணக்குக்கு உரிய நேரத்திலேயே, வகுப்பில் மற்றவர்கள் பயிற்சி செய்யும்போது குழுவை அழைத்துப் போகலாம். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்கிற தொடக்கப்பள்ளிகளில் இது இன்னும் எளிது; அங்கே வகுப்புகள் ஏற்கெனவே கலந்துதான் இருக்கின்றன, நிலைவாரியாக மாற்றி உட்காரவைத்தால் போதும்.

பி.எட். இல்லாதவர் சொல்லித்தரலாமா?

ஐந்தாம் வகுப்பு வரை அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் தாராளமாக. மும்பை, உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு என்று மூன்று இடத்து அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் மூன்று விஷயம் வேண்டும்: தொடக்கத்தில் ஒழுங்கான பயிற்சி, அன்றன்று என்ன செய்வது என்று தெளிவாகச் சொல்லும் கையேடு, வாரம் ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல ஒரு மூத்த ஆசிரியர். எட்டாம் வகுப்பு இயற்கணிதம் என்றால் பாடம் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

எக்காரணம் கொண்டும் இவர்களை, ஆசிரியர் வராத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக்கக் கூடாது. நிரந்தர ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் இழுத்தடிக்க இவர்களைக் காட்டுவதும் கூடாது. ஆசிரியர் சங்கங்கள் எழுப்பும் இந்தக் கவலை நியாயமானது.

எந்தக் குழந்தைக்குத் தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? "மக்குக் கூட்டம்" என்று பெயர் விழாதா?

காலாண்டுத் தேர்வு மார்க்கை நம்ப வேண்டாம். ஒரு குழந்தையைத் தனியாக உட்காரவைத்து ஐந்து நிமிடம் போதும். சில எழுத்துகள், சில சொற்கள், நான்கு வரிப் பத்தி, ஒரு சின்னக் கதை என்று வரிசையாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறதோ அதுதான் அதன் நிலை. கணக்கில் எண்ணை அடையாளம் காணுதல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்த்துக் குழுவை மாற்றுங்கள்.

பெயர் விழுவது உண்மையான ஆபத்து. குழந்தைகள் கெட்டிக்காரர்கள், அரும்பு என்றால் என்ன, மலர் என்றால் என்ன என்று முதல் வாரத்திலேயே புரிந்துகொள்வார்கள். அதைத் தடுக்க ஹரியானா வழிதான் சிறந்தது: அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாருமே ஏதாவது ஒரு குழுவுக்குப் போகிறார்கள், யாரும் தனியாக எழுப்பி அனுப்பப்படுவதில்லை. குழு மாறிக்கொண்டே இருப்பதும் உதவும். கேட்கும் திறனிலோ பார்வையிலோ குறை இருப்பதால் பின்தங்கும் குழந்தையையும் இந்த ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ளலாம். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு முதலில் தேவை கண்ணாடி.

இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கினால் போர்ஷன் முடியாதே?

ஆசிரியர்கள் உண்மையான வேதனையோடு கேட்கும் கேள்வி இது. அவர்களிடம், ஆய்வுக்கு வருகிற அதிகாரி "எத்தனை பாடம் முடித்தீர்கள்" என்றுதான் கேட்கிறார். பீகாரில் நடந்ததும் இதுவே. ஆகவே இதற்குப் பதில் ஆசிரியரிடம் இல்லை, துறையிடம் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் துணைப்பயிற்சிக்கு என்று எழுத்தில் ஆணை வர வேண்டும், அந்த அளவுக்குப் பாடத்தையும் குறைக்க வேண்டும், ஆய்வுப் படிவத்தில் அதைப் பற்றிய கேள்வியும் இருக்க வேண்டும்.

பின்தங்கியவர்களைப் பெயிலாக்கி அதே வகுப்பில் உட்காரவைத்தால் என்ன?

அதே பாடத்தை, அதே வேகத்தில், அதே கூட்டத்தில் இன்னொரு வருடம் கேட்பதால் இரட்டைக்கொம்பு தெளிவாகாது. கூடவே படித்தவர்கள் மேலே போய்விட்ட அவமானம் வேறு. ஏழை வீட்டில் அதன் அடுத்த படி இடைநிற்றல். எட்டாம் வகுப்பு வரை பெயிலாக்குவதில்லை என்ற தமிழ்நாட்டின் நிலைப்பாடு சரி. ஆனால் மேலே அனுப்புகிறோம் என்றால் தூக்கிவிடும் கையும் கூடவே போக வேண்டும்.

ஆப், வீடியோ, ஏஐ வைத்துச் செய்துவிட முடியாதா?

துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வீடியோவை மட்டும் நம்பிய 19 மாதங்களின் விளைவைத்தான் இன்று மீட்டுக்கொண்டிருக்கிறோம். எதிர்முனையில் ஒரு மனிதர் இருந்தால் தொழில்நுட்பம் நன்றாகவே வேலை செய்கிறது. இத்தாலியில் 2020இல் பல்கலைக்கழக மாணவர்கள் ஆன்லைனில் ஒருவருக்கு ஒருவராகச் சொல்லித்தந்ததில் நல்ல பலன் வந்தது. போட்ஸ்வானாவில் இன்னும் எளிமை: வாரம் ஒருமுறை சாதாரண போனில் இருபது நிமிடம் கணக்கு சொல்லித்தந்தார்கள், எஸ்எம்எஸ்ஸில் கணக்கு அனுப்பினார்கள். அதிலேயே 0.12 முன்னேற்றம். எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பிய வீடுகளில் அந்தப் பலன் இல்லை.

செலவு கட்டுப்படியாகுமா?

சிகாகோ முறைக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 3,500 டாலருக்கு மேல் ஆனது. நமக்கு அது வேண்டாம். இல்லம் தேடிக் கல்வியில் 20 பேருக்கு 1,000 ரூபாய் என்றால் ஊக்கத்தொகை ஒரு குழந்தைக்கு மாதம் 50 ரூபாய்தான்.

நடுவில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 32 குழந்தைகளுக்குத் தேவை என்று வைத்துக்கொள்வோம். எட்டு எட்டாக நான்கு குழு. ஒருவர் பள்ளி நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு குழுக்களைப் பார்ப்பார். ஆக இரண்டு பேர். ஆளுக்கு மாதம் 6,000 ரூபாய், பத்து மாதம். மொத்தம் 1,20,000. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,750 ரூபாய். கையேடு, பயிற்சி, மேற்பார்வை எல்லாம் சேர்த்து ஐயாயிரம் என்று வைத்துக்கொண்டாலும், எழுதப் படிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை பத்து வருடம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்கு அரசு செய்யும் செலவோடு ஒப்பிட்டால் இது அதிகமில்லை.

நிறுத்திவிட்டால் மறந்துவிடுவார்களா?

ஓரளவு. மும்பை, வதோதரா குழந்தைகளை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பலன் சுமார் 0.1 ஆகக் கரைந்திருந்தது. ஆகவே ஒரு வருடம் நடத்திவிட்டு விழா எடுத்து முடித்துவிடக் கூடாது. சரளமாக வாசிக்கும் நிலையைத் தொட்ட பிறகு விட்டால் குழந்தை தானே படித்து அதைக் காப்பாற்றிக்கொள்ளும். எழுத்துக்கூட்டும் நிலையில் விட்டால் கோடை விடுமுறையிலேயே பாதி போய்விடும். நூலகப் புத்தகங்களை அலமாரியில் பூட்டிவைக்கும் பள்ளிகளுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

பெற்றோர் படிக்காதவர்கள் என்றால் வீட்டில் என்ன செய்ய முடியும்?

குழந்தையைத் தினமும் பள்ளிக்கு அனுப்புங்கள், அது முக்கால்வாசி. ராத்திரி பத்து நிமிடம் எதையாவது சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ரேஷன் கடை ரசீது, பத்திரிகை, கல்யாண அழைப்பிதழ் எதுவானாலும் சரி. தப்பா சரியா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் இதைக் கொண்டுவர எங்கே தொடங்குவது?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில். "பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள்" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா படிக்கிறாங்கம்மா" என்ற பதில்தான் கிடைக்கும். மூன்றாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் ஒரு பத்தியைத் தடுக்காமல் படிப்பவர்கள் எத்தனை பேர், கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் குரலில் கேட்டால் கதவு மூடிக்கொள்ளும், "உங்களுக்கு ஒரு ஆள் துணைக்கு இருந்தால் எந்த நேரத்தில் எந்தக் குழந்தைகளுக்கு உதவலாம், டீச்சர்?" என்று கேளுங்கள். ஊரில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடத்தியவர் யாராவது இருப்பார். அவரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். ஊதியத்துக்கு முன்னாள் மாணவர்கள், அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் என்று வழிகளைப் பேசலாம். தீர்மானத்தில் குழுவின் அளவு, வாரத்தில் எத்தனை நாள், எந்தப் பாடவேளை என்ற மூன்றையும் எண்ணோடு எழுதி, அடுத்த கூட்டத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறோம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.